கணிப்பொறியில் காலநியமப் பணிகள்

மனிதர் எவரும் அருகில் இராதபோதும், குறித்த வேளை வந்ததும் குறித்த வேலையைக் கணிப்பொறி தானே தொடங்கி முடிக்கும்படி இயங்குதளத்தில் செய்துவைக்கப்படும் ஏற்பாடு காலநியமப் பணி எனப்படும். கோப்புகளுக்குப் பிரதி எடுத்தல், பழைய பதிவுகளைக் களைதல், வட்டினைச் சீர்செய்தல் ஆகியவை இதன் பிரதான உபயோகங்கள்.

இவ்வேற்பாடு மேசைக் கணிப்பொறியில் பிறந்ததன்று. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்திலிருந்து 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் 7-ஆம் பதிப்பில் கென் தாம்சன் எழுதிய ‘க்ரான்’ என்னும் நிரல், நிமிஷத்திற்கு ஒருமுறை விழித்து, ‘க்ரான்டேப்’ என்ற ஒரே அட்டவணையைப் பார்த்து, வேளை வந்துவிட்ட கட்டளைகளை நிறைவேற்றிவிட்டு மறுபடி உறங்கிற்று. நிமிஷம், மணி, தேதி, மாதம், கிழமை என்னும் ஐந்து குறிப்புகளும் அவற்றின் பின் கட்டளையுமாக அந்த அட்டவணைக்கு அமைந்த வரிவடிவம் இன்றளவும் வழக்கில் இருப்பது, அதனை வகுத்தவரின் தெளிந்த புத்திக்குப் போதிய சாட்சியாகும். பர்டியூ பல்கலைக்கழகத்தில் இவ்வசதியைச் சுமார் 100 பேருக்கு விரிக்க முற்பட்டபோது, ஓயாத சோதனையிலேயே யந்திரத்தின் சக்தி விரயமாயிற்று. ஆகவே ராபர்ட் பிரவுன், வரவிருக்கும் வேலைகளைக் காலக்கிரமமாக அடுக்கி, முதலாவதன் நேரம் நெருங்கும்வரை நிரலை உறங்கவிடும் முறையைக் கைக்கொண்டார். பால் விக்ஸி 1987-இல் வெளியிட்ட க்ரானே பின்னர் லினக்ஸிலும் பிஎஸ்டியிலும் பரவலாயிற்று.

இவையனைத்தும் அல்லும் பகலும் ஓயாது இயங்கும் யந்திரங்களை உத்தேசித்தவை. வீட்டு மேசைக்கு வந்த கணிப்பொறியோ இரவில் அணைக்கப்படுவது; ஆகவே அதிகாலை 3.15 மணிக்கென்று மாக் ஓஎஸ் எக்ஸ் குறித்துவைத்த தினசரிப் பராமரிப்பு, யந்திரம் துயிலும் வீடுகளில் நடைபெறாமலே போயிற்று. தவறிய வேளையை எவ்வாறு ஈடுசெய்வது என்பதே மேசைக் கணிப்பொறியில் இத்துறையின் மெய்யான பிரச்சினை. இதன் பிற்காலச் சரித்திரமும் பெரும்பாலும் அதைப் பற்றியதே.

விண்டோஸ் 95-க்குத் துணையாக வந்த ‘பிளஸ்’ தொகுப்பின் ‘சிஸ்டம் ஏஜென்ட்’, எவரும் கணிப்பொறியைத் தொடாதிருக்கும் சமயம் பார்த்து வட்டுச் சோதனையைத் தொடங்க வல்லது; விண்டோஸ் 98-இல் அதுவே ‘டாஸ்க் ஷெட்யூலர்’ ஆயிற்று. லினக்ஸின் ‘அனக்ரான்’, மணியைக் கருதாமல், ஒவ்வொரு பணியும் கடைசியாக நடந்த தேதியை எழுதிவைத்துக்கொண்டு, கெடு கடந்திருந்தால் யந்திரம் எழுந்த சில நிமிஷங்களில் அதனை நடத்திற்று. எளிய யுக்தியாயினும், இச்சரித்திரத்தில் மிகவும் மெச்சத்தக்கது இதுவேயாகும். 2005-இல் மாக் ஓஎஸ் எக்ஸின் டைகர் பதிப்புடன் வந்த ஆப்பிளின் ‘லாஞ்ச்டி’, உறக்கத்தில் தவறியவை எத்தனையாயினும் விழித்ததும் ஒருமுறை நடத்தும்; அடியோடு அணைத்திருந்த காலத்தில் தவறியதையோ விட்டுவிடும்.

விண்டோஸ் விஸ்டாவின் ஷெட்யூலரும் லினக்ஸின் ‘சிஸ்டம்டி’ டைமரும், தவறிய பணியைப் பின்னர் நிறைவேற்றும் விதியை உடையவை. ஆயினும் இரண்டிலும் அவ்விதி இயல்பாகவே அமலில் இராது. பிரதி எடுக்கும் பணியை அமைப்பவர் அதனைத் தாமே இயக்கிவைத்தல் வேண்டும்.