'கோரியோகிராஃபி': ஒரு சொல்லின் வரலாறு

'கோரியோகிராஃபி' என்னும் சொல் கூட்டாடலையும் எழுத்தையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களால் ஆனது. 1700இல் பாரிசில் ஃபொய்யே இதனைத் தம் நூலின் தலைப்பாக்கியபோது, ஆடலைக் குறியீடுகளால் எழுதும் கலையையே கருதினார். ஆடலைப் படைத்தல் என்பது பின்னர் ஏற்பட்ட பொருள். தமிழின் 'நடன அமைப்பு' இப்பொருளை மட்டுமே தாங்குகிறது.

1960களில் அமெரிக்கரான அன்னா ஹால்ப்ரின் எழுத்தை வேறுவகையில் மீட்டார். செய்யவேண்டிய செயல்களை மட்டும் 'ஸ்கோர்' என வகுத்துத் தந்தார். 1965இல் ஸ்டாக்ஹோமில் அரங்கேறிய 'பரேட்ஸ் அண்ட் சேஞ்சஸ்' ஆடலில் காகிதம் கிழித்தலும் அத்தகையதொரு செயலே. அசைவுகள் ஆடுவோரின் கூட்டுப் பயிற்சியில் உருவாயின. கணவர் லாரன்சு ஹால்ப்ரின் 1969இல் இம்முறைக்கு நூல்வடிவம் தந்தார். இந்த 'ஸ்கோரை' 'இசைக்குறிப்பு' என மொழிபெயர்ப்பது பொருந்தாது, 'செயற்குறிப்பு' எனலாம். 'நடன அமைப்பாளர்' என்னும் ஒருமையோ இன்னும் சிக்கலானது. அதனை இங்கு ஆளும்போது, ஆடியோரின் ஆக்கப்பங்கு மொழிபெயர்ப்பிலேயே மறைந்துவிடுகிறது.