கணினித் திரையகம் பழுதுபார்த்தல்

கணினித் திரையகம் பழுதுபார்த்தல் என்பது, மானிட்டர் எனப் பரவலாக அழைக்கப்படும் கணினித் திரையகங்கள் நாட்படும்போது தோன்றும் குறைகளைக் கண்டறிந்து நீக்கும் பணியாகும். திரையகங்கள் எதிர்மின் கதிர்க் குழாயைக் கொண்டவை (சி.ஆர்.டி), நீர்மப் படிகத் திரையைக் கொண்டவை (எல்.சி.டி) எனப் பெரும்பாலும் இரு வகைப்படும். முதல் வகையின் உற்பத்தி பெரும்பாலும் நின்றுவிட்டது. எனினும் பழைய ஆய்வகக் கருவிகளோடும் பழைய கணினிகளோடும் அவை இன்னும் காணப்படுகின்றன.

உயர் மின்னழுத்த ஆபத்து

எதிர்மின் கதிர்க் குழாயின் நேர்மின்வாய்க்கு ஏறத்தாழ 25,000 வோல்ட் தேவைப்படுகிறது. குழாயின் கண்ணாடி, தன் உள்ளும் புறமும் உள்ள கரிப்பூச்சுகளுக்கு இடையில் ஒரு மின்தேக்கி போலச் செயற்படுவதால், மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் மின்னூட்டம் எஞ்சியிருக்கும். பல திரையகங்களில் அது தானே வடிந்துவிடும் என்றாலும் அதனை நம்புதல் கூடாது. காப்பிட்ட கைப்பிடியுடைய தட்டைத் திருப்புளியை ஒரு கம்பியால் குழாயைச் சுற்றியுள்ள புவியிணைப்புப் பின்னலோடு முதலில் இணைத்து, பின்னர் அதன் முனையை இரப்பர் மூடியின் அடியில் செலுத்தி மின்னூட்டத்தை இறக்க வேண்டும். சில நிமிடங்களில் மின்னூட்டம் ஓரளவு மீண்டும் தோன்றும். எனவே இதனை இரண்டாம் முறையும் செய்தல் வேண்டும்.

மின்வழங்கியின் முதன்மை மின்தேக்கியிலும் ஏறத்தாழ 325 வோல்ட் தங்கியிருக்கும். அதனை மின்தடை வழியாகவே வடிக்க வேண்டும். குழாயினுள் வெற்றிடம் உள்ளதால் அதன் மெல்லிய கழுத்தை இடித்துவிடலாகாது. பயிற்சியற்ற மாணவர் பின்மூடியைத் திறவாதிருப்பதே நன்று.

அறிகுறிகளும் காரணங்களும்

திரையின் நடுவே ஒரே ஒரு கிடைக்கோடு மட்டும் தெரிந்தால், நிலைக்குத்து விலகல் சுற்று செயலிழந்துள்ளது எனக் கொள்ளலாம். பெரும்பாலும் அங்குள்ள தொகுசுற்றின் பற்றாசு வெடித்திருக்கும். ஒரு நிறம் மட்டும் மறைந்தால் முதலில் 15 முள் கொண்ட வி.ஜி.ஏ இணைப்பியில் வளைந்த முள் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். செலவற்ற இச்சோதனையைச் செய்யாமலே பலர் திரையகத்தைத் திறந்துவிடுகின்றனர். மூலைகளில் நிறத்திட்டுகள் தோன்றுவது அருகிலுள்ள ஒலிபெருக்கியின் காந்தத்தாலோ, காந்தநீக்கச் சுருளின் வெப்பத்தடை பழுதடைந்ததாலோ ஆகும். பல்லாண்டுப் பயன்பாட்டில் படம் மங்குவது எதிர்மின்வாயின் தேய்மானம். அதற்கு நிலையான தீர்வு இல்லை.

தமிழ்நாட்டில் 2006 முதல் அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிகளும் எதிர்மின் கதிர்க் குழாய் வகையினவே. ஆயினும் தொலைக்காட்சியின் ஃபிளைபேக் மின்மாற்றியைத் திரையகத்தில் பொருத்த இயலாது. தொலைக்காட்சியின் கிடை அதிர்வெண் ஏறத்தாழ 15.6 கிலோஹெர்ட்சு. வி.ஜி.ஏ திரையகமோ 31.5 கிலோஹெர்ட்சிலும் அதற்கு மேலும் இயங்குவது.

நீர்மப் படிகத் திரைகளில் படம் ஓரிரு நொடிகள் தோன்றி இருண்டுவிடும் குறை மிகுதி. கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்க்கையில் மங்கலான படம் தெரிந்தால், பின்னொளிக் குழல் விளக்கோ அதற்கு மின்னளிக்கும் இன்வெர்ட்டரோ பழுதாகியிருக்கும். 2000களின் முற்பகுதியில் வெளிவந்த மலிவான மின்தேக்கிகள் மேற்புறம் உப்பிப் பழுதடைந்தன. மாற்றுவதற்கு அதே கொள்ளளவும், அதே அல்லது கூடுதல் மின்னழுத்தமும், 105 பாகை தாங்குதிறனும் கொண்டவற்றைத் தேர்ந்து, முனைகள் மாறாமல் பொருத்த வேண்டும்.

கடலோர ஊர்களில்

கடலூரின் மஞ்சக்குப்பம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றே பெரும் பகை. உப்பும் தூசியும் ஈரத்தை ஈர்த்து மின்கசிவுக்கு வழிசெய்கின்றன. நேர்மின்வாய் மூடியைச் சுற்றிச் சீறும் ஒலியும் நீல ஒளியும் தோன்றுவது இதனால்தான். மின்னூட்டம் இறக்கிய பின் அவ்விடத்தைத் துடைத்து உலர்த்தி, சிலிக்கோன் பசை பூசினால் பெரும்பாலும் சரியாகும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2015 இறுதியில் இம்மாவட்டத்தை வெள்ளம் சூழ்ந்தது. இத்தகைய வேளைகளில் நனைந்த திரையகத்தை, இயங்குகிறதா எனப் பார்க்கும் ஆவலில் மின்னிணைப்பில் இடுவதே அதனை முற்றிலும் அழிக்கும் செயலாகும். சேற்று நீரின் உப்புப் படிவு மின்னைக் கடத்துவதால், சுற்றுப்பலகையைத் தூய நீரிலும் பின்னர் ஐசோபுரோப்பைல் ஆல்ககாலிலும் கழுவி, பல நாட்கள் உலர்த்த வேண்டும்.

கழித்தல்

குழாயின் கூம்புப் பகுதிக் கண்ணாடியில் ஈயம் கலந்துள்ளது. செப்புச் சுருளுக்காகக் குழாயை உடைப்போரையும் அவ்விடத்து மண்ணையும் அது பாதிக்கும். இந்தியாவில் மின்னணுக் கழிவுகளுக்கான முதல் தனி விதிகள் 2012 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தன. 2023 ஏப்ரல் 1 முதல் 2022ஆம் ஆண்டு விதிகள் நடைமுறையில் உள்ளன. இவற்றின்படி, பழுதுநீக்க இயலாத திரையகத்தைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளருக்குச் சேரும் வழியிலேயே ஒப்படைக்க வேண்டும்.