சீதன வீட்டு வாசலில் மருந்துக் கடன்

இலவச வைத்தியம் உள்ள இலங்கையில் மருத்துவக் கடன் எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். அந்த இலவசம் வந்த வழி இது: 1934-35 மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். அதற்குச் சற்று முன், 1931 இல், சர்வஜன வாக்குரிமை கிடைத்திருந்ததால் ஊர்களுக்கு ஆஸ்பத்திரி கொண்டுவருவது அரசியல்வாதிகளுக்குத் தட்ட முடியாத கடமையாயிற்று. 1951 இல் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் நீங்கியது. 1971 இல் வெளிநோயாளருக்கு 25 சதம் விதித்தார்கள். 1977 இல் அதையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் அதே 1977 இல்தான் அரச வைத்தியர்கள் கடமை நேரத்துக்கு வெளியே தனியாக வைத்தியம் பார்க்க அனுமதி கிடைத்தது. இன்று கிழக்குக் கரையிலுள்ள கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, வடக்கு ஆதார வைத்தியசாலை என இரண்டு அரச வைத்தியசாலைகள் இருந்தும், ஸ்கேனுக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் வெளியே காசு கட்டுகிறார்கள். புற்றுநோய் என்றால் பலருக்குக் கொழும்பை அடுத்த மஹரகம வைத்தியசாலைவரை வண்டிச் செலவு, துணைக்குப் போகிறவரின் தங்குமிடம், இழந்த நாட்கூலி. 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்தையே வெளியே வாங்கச் சொன்னார்கள்.

இந்தச் செலவு எந்தக் கணக்கிலும் மருத்துவக் கடனாக எழுதப்படுவதில்லை. பாமசிக் கொப்பியில் அது பாக்கி, அடகுக் கடையில் ஒரு சோடி காப்பு, நுண்கடன் நிறுவனத்தில் "சுயதொழில்". அதே கரையின் முஸ்லிம் ஊர்களான சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் நிந்தவூரிலும் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகும் வழக்கம் நீண்டது. கணவன் மனைவியின் வீட்டுக்கு வருகிறான். ஆகவே நோயாளி யாராக இருந்தாலும் முதலில் கரைவது பெண்ணின் நகை. அடுத்து ஆபத்துக்குள்ளாவது அவள் பெயரிலுள்ள வீடு. 2004 சுனாமிக்குப் பின் பெருகிய குழுக் கடனும் பெண்களைத் தேடியே வந்தது: ஒருத்தி தவணை தவறினால் குழுவிலுள்ள மற்றவர்கள் பிணை. வசூலிக்க வருபவர் கடன்காரியை மிரட்டத் தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரியின் முன்னால் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே போதும்.

இத்தகைய வசூலைத் தடுக்கச் சட்டமே இல்லை என்பார்கள். இருக்கிறது, பழையதாக இருக்கிறது. 1852 இன் 5 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், அறவிடும் வட்டி முதலை மிஞ்சக் கூடாது என்றது. 1871 இன் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி கடைக்கணக்குப் பாக்கிக்கு ஓராண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். எழுத்தில் கொடுத்த வாக்குறுதிக்கு ஆறாண்டு. பழைய பாக்கிக்குப் புதிதாக ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பவர் ஏன் கேட்கிறார் என்பது இந்த இரண்டு எண்களில் அடங்கியிருக்கிறது. அந்தத் தாளை வாசித்துக் காட்டாமல் ஒப்பம் வாங்குவதை நான் தவறான வசூல் என்றே சொல்வேன். 1988 இன் மத்தியஸ்த சபைச் சட்டமோ, சிறு தொகைப் பிணக்குகள் நீதிமன்றம் போகுமுன் சபைக்கு வர வேண்டும் என்றது. ஆயினும் 1990 இல், வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கடனை விரைவாக அறவிடத் தனிச் சட்டங்கள் வந்தன. கொடுத்தவருக்குக் கிடைத்த வேகம் வாங்கியவளுக்குக் கிடைக்கவில்லை. 2018 இல்தான் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட பெண்களின் நுண்கடனை அரசு பொறுப்பேற்றது. அப்போதும் கேட்கப்பட்டது தொகையைப் பற்றி. வசூலித்த விதத்தைப் பற்றி அல்ல.

வசூலைக் கட்டுப்படுத்தினால் ஏழைக்குக் கடன் கொடுக்க ஆளிருக்காது என்பது வலுவான மறுப்பு. அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற குடும்பத்துக்கு அந்தக் கடன் உயிர் காத்ததும் உண்டு. அதை மறுக்க முடியாது. ஆனால் கேட்பது முதலைத் தள்ளுபடி செய்வதை அல்ல. கணக்கைக் காட்டு, காலம் கடந்ததை மறைக்காதே, அயலாரை நெருக்காதே என்பதே கோரிக்கை. 1852 இன் வரம்பு இருந்தும் இந்தக் கரையில் கொடுக்கல் வாங்கல் நின்றுபோகவில்லை. இன்னொரு மறுப்பு, இதெல்லாம் பள்ளிவாசலில் பேசித் தீர்க்க வேண்டியது என்பது. தாய்வழிக் குடிகளின் தலைவர்களான மரைக்காயர்கள் பிணக்கு விசாரித்த மரபு பெரியது. கடனாளிக்கு ஸகாத்தில் பங்குண்டு என்பதும் மார்க்கம் சொன்னதே. ஆனால் கொழும்பிலிருந்து இயங்கும் நிறுவனம் மரைக்காயர் முன் வந்து நிற்காது. அதை அழைக்கக்கூடியது மத்தியஸ்த சபை. அங்கே முதல் கேள்வியாக, எவ்வளவு பாக்கி என்பதற்கு முன், இந்தக் கடன் எதற்காக எடுக்கப்பட்டது, இதுவரை வட்டியாக எவ்வளவு கட்டியாயிற்று என்று கேட்டு எழுத வேண்டும்.