உடப்புசல்லாவையில் இடைநிலைக் கல்வி: ஒரு குறிப்பு

உடப்புசல்லாவைத் தோட்டங்களின் தேயிலையைக் கொண்டுசெல்ல, நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரை அமைக்கப்பட்ட சிறிய புகையிரதப் பாதை 1904 அளவில் நிறைவெய்தியது. அத்தேயிலையைக் கொய்தவர்தம் பிள்ளைகளின் கல்வியைத் தோட்ட நிருவாகத்தின் கடப்பாடாக்கிய சட்டமோ 1907 இலேயே வந்தது. அதுவும் ஆறு முதல் பத்து வயது வரைக்கே. இவ்வயதெல்லையை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். பத்து வயதுக்குப் பின் பிள்ளை எங்கே செல்வது? சட்டத்துக்கு அக்கவலை இருக்கவில்லை. பெயர் பதிந்து பிரட்டுக்களத்தில் நிற்பதே அடுத்த வகுப்பாயிற்று.

1945 இல் இலவசக் கல்வி நாடெங்கும் வந்தது. தோட்டப் பாடசாலைகளோ நிருவாகத்தின் கையிலேயே நின்றன. 1948 இல் குடியுரிமையும் பறிபோயிற்று. 1977 முதலே அரசு அப்பாடசாலைகளைப் பெருமளவிற் பொறுப்பேற்றது. அதுவரை ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்புகள் என்பதே பலவற்றின் நிலை.

ஆகவே, ஆறாம் வகுப்பு என்பது இங்கு ஒரு தூரத்தின் பெயராகவும் இருந்தது. தாய் விடியுமுன் கொழுந்தெடுக்கப் போய்விடுவாள். மூத்த பெண்பிள்ளை தம்பி தங்கையரைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, பனியிலும் மழையிலும் மலைப்பாதை நடந்து பாடசாலை சேர்வாள். அவள் க.பொ.த. பரீட்சைக்குத் தோற்றியதையே யான் சாதனை என்பேன்.

விழா மலர்கள் பெறுபேறுகளை அச்சிடுகின்றன. வரவுப் பதிவேட்டை எவரும் அச்சிடுவதில்லை. வரலாற்று மாணவர் முதலிற் புரட்ட வேண்டியது அதனையே. இடையில் நின்றுபோனோர் பெயர்கள் அங்குள்ளன. அவற்றுட் சில பின்னர் தோட்டத்துச் செக்ரோலிலும் காணப்படலாம்.