எல்லை கடந்த மணமுறிவும் ‘டொமிசைல்’ கோட்பாடும்

மணமுறிவு வழங்கும் அதிகாரம் எந்நாட்டு நீதிமன்றத்துக்கு உரியது என்ற கேள்விக்கு ஆங்கிலேயப் பேரரசு முழுவதும் நெடுங்காலம் வழிகாட்டிய விடை, இலங்கையிலிருந்து சென்ற ஒரு வழக்கில் பிறந்தது. அங்கு அரசுப் பணியிலிருந்த லெமெசுரியர் என்னும் ஆங்கிலேயர் தொடுத்த மணமுறிவு வழக்கில், 1895இல் லண்டன் பிரிவி கவுன்சில், தம்பதியரின் ‘டொமிசைல்’, அதாவது ஒருவர் நிலையாக வாழக் கருதிய தாயகம், எந்நாட்டிலுள்ளதோ அந்நாட்டு நீதிமன்றமே திருமணத்தை முறிக்க முடியும் என்றும், பணியின் பொருட்டு எத்தனை ஆண்டுகள் தங்கினாலும் அது போதாது என்றும் தீர்ப்பளித்தது. மணமான பெண்ணின் டொமிசைல் கணவனுடையதாகவே கருதப்பட்டமையால், கைவிடப்பட்ட மனைவி அவன் தாயகத்து நீதிமன்றத்தையே நாட வேண்டியிருந்தது. இது பெருங்கொடுமை என்பதில் ஐயமில்லை.

இக்கோட்பாட்டின்படி, இங்கிலாந்தைத் தாயகமாகக் கொண்டோருக்கு இந்திய நீதிமன்றங்கள் வழங்கிய மணமுறிவுகள் செல்லாவென 1921இல் லண்டனில் தீர்ப்பானபோது, மறுமணம் செய்திருந்தோரின் நிலை கேள்விக்குறியானது. முந்தைய ஆணைகளைக் காக்க அவ்வாண்டே ஒரு சட்டமும், இந்திய உயர் நீதிமன்றங்களுக்கு வரையறுத்த அதிகாரமளிக்க 1926இல் மற்றொரு சட்டமும் இயற்றப்பட்டன.

விடுதலைக்குப் பின் சிக்கல் திசை மாறியது. திருப்பதியில் இந்து முறைப்படி மணந்த ஒருவர் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பெற்ற மணமுறிவை, 1991இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அங்கு தொண்ணூறு நாள் வசிப்பே போதுமானதாக இருந்தது. அம்மணமுறிவுக்குக் கூறப்பட்ட ‘மீளமுடியாத முறிவு’ என்ற காரணமோ இந்து திருமணச் சட்டத்தில் இல்லை. மனைவி அந்நீதிமன்ற அதிகாரத்துக்கு உடன்படவுமில்லை. தீர்ப்பின் சான்றளிக்கப்படாத ஒளிநகல் சான்றாகாது என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது.