அல்டோஸ்டீரோனும் இதயத்தசையும்

அல்டோஸ்டீரோன் என்பது சிறுநீரகத்தின் உச்சியில் தொப்பி போல அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியின் புறணியில் ஊறும் ஸ்டீராய்டு ஹார்மோன். சில்வியா சிம்ப்சன், ஜேம்ஸ் டெய்ட் ஆகியோர் 1953இல் இதைத் தனியே பிரித்தெடுத்தனர். உடலில் உப்பைத் தேக்கிவைத்துப் பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றுவதே இதன் வேலை என்று வெகுகாலம் கருதப்பட்டது. அது உண்மைதான், ஆனால் முழு உண்மையன்று. இந்த ஹார்மோன் பற்றிக்கொள்ளும் ஏற்பி இதயத்தசைச் செல்களிலும் இருக்கிறது. ஆகவே சிறுநீரகத்தின் வழியாக மட்டுமன்றி, நேரடியாகவும் இது இதயத்தைத் தாக்குகிறது என்றே சான்றுகளைக் கொண்டு முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

இரத்த அழுத்தம் ஏறுவதால்தான் இதயம் கெடுகிறது, ஹார்மோனுக்கு அதில் தனிப்பங்கு இல்லை என்று ஒருவர் மறுக்கலாம். எலிகளில் நடந்த ஆய்வுகள் இதற்கு விடை தருகின்றன. அல்டோஸ்டீரோனும் மிகுந்த உப்பும் பெற்ற எலியின் இதயச் சீவலைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், தசைநார்களுக்கு இடையே மெல்லிய இழையாக இருக்க வேண்டிய கொலாஜன் தடித்த சிவப்புப் பட்டைகளாகப் படர்ந்திருக்கும். அதனால் தசை விறைத்து, தளர்ந்து இரத்தத்தை ஏற்கும் திறன் குறைகிறது. உயர் அழுத்தத்தின் சுமை விழாத வலது கீழறையிலும் இதே தழும்பு காணப்பட்டது. ஏற்பியை அடைக்கும் ஸ்பைரோனோலாக்டோனை, அழுத்தம் குறையாத அளவுக்குச் சிறிதாகக் கொடுத்தபோதும் தழும்பு தடுக்கப்பட்டது. அழுத்தம் மட்டுமே காரணமாக இருந்தால் இவ்விரண்டும் நேர்ந்திருக்க முடியாது. ஆனால் உப்பு குறைந்த உணவில் ஹார்மோன் மட்டும் இக்கேட்டை விளைவிக்கவில்லை. உப்பும் இதில் கூட்டாளி.

மனிதரில் இதற்கு வலுச்சேர்த்தது 1999இல் வெளியான ராலஸ் ஆய்வு. கடுமையான இதயச் செயலிழப்புள்ள 1,663 பேரில் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 46 விழுக்காட்டினரும், ஸ்பைரோனோலாக்டோன் பெற்றவர்களில் 35 விழுக்காட்டினரும் இறந்தனர். மருந்தின் அளவு நாளொன்றுக்குச் சுமார் 25 மில்லிகிராம்தான்; இரத்த அழுத்தத்தில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. பொட்டாசியம் காக்கப்பட்டதும் பயனில் ஒரு பங்காக இருக்கலாம். எனினும் அதே ஆய்வின் ஒரு பகுதியில், கொலாஜன் உருவாவதைக் காட்டும் இரத்தக் குறியீடுகளும் குறைந்தன. அவை மிகுந்திருந்தவர்களே கூடுதல் பயன் பெற்றனர்.

கீழறையின் சுருங்கும் திறன் குன்றாத இதயச் செயலிழப்பை ஆராய்ந்த 2014ஆம் ஆண்டின் டாப்கேட் ஆய்வில் முதன்மைப் பயன் உறுதிப்படவில்லை என்பது வலுவான மறுப்பு. ஆனால் அது காட்டுவது, எல்லா இதய நோய்க்கும் இந்த ஹார்மோனே வேர் அல்ல என்பதைத்தான். நேரடித் தாக்கத்தை அது பொய்யாக்கவில்லை. மேலும், இதயத்தசையில் அந்த ஏற்பியைப் பெரும்பாலும் பற்றியிருப்பது, இரத்தத்தில் பன்மடங்கு மிகுந்துள்ள கார்டிசோல் என்னும் இன்னொரு ஸ்டீராய்டு. எனவே குறிவைக்க வேண்டியது ஹார்மோனின் அளவை மட்டுமன்று, ஏற்பியையும்தான். அந்த ஏற்பி சிறுநீரகத்திலும் இருப்பதால், அதை அடைக்கும்போது பொட்டாசியம் உடலில் தேங்கி, இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும். ராலஸுக்குப் பின் கனடாவின் ஒன்டாரியோவில் இம்மருந்தின் பயன்பாடு பெருகியபோது, பொட்டாசியம் மிகுந்து மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் இறந்தவர்களும் கூடினர். இதயத்தைக் காக்கத் தரும் மருந்தே அதை நிறுத்திவிடாமலிருக்க, சிறுநீரகத் திறனையும் பொட்டாசியத்தையும் தொடர்ந்து சோதிப்பது இச்சிகிச்சையின் பிரிக்க முடியாத பகுதி.