ஐந்து கோல் வாங்கியவர்கள்



பரிசளிப்பு விழா மலரில் பந்து விளையாட்டுக் கதை எதற்கு என்று கேட்பீர்கள். இதுவும் வரலாறுதான். தோற்றுக் கிடந்த ஓர் அணியைக் கே. ராஜகோபால் என்ற நம்மவர் கையில் எடுத்த வரலாறு.

நம் நாட்டுக் கால்பந்துக்கு ஒரு பொற்காலம் இருந்தது. 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடினோம். 1980இல் மாஸ்கோவுக்கும் தகுதி பெற்றோம். அரசியல் காரணத்தால் போகவில்லை. சந்திரன், ஆறுமுகம் என்ற பெயர்களைக் கேட்டாலே தாத்தாமார் நிமிர்ந்து உட்காருவார்கள். பிறகு 1994இல் ஆட்டத்தை விற்ற ஊழல் வெளிப்பட்டு, பலர் தண்டிக்கப்பட்டனர். 2007 ஆசியக் கிண்ணத்தில், நம் சொந்தத் திடலிலேயே, சீனாவிடம் 5-1, உஸ்பெகிஸ்தானிடம் 5-0, ஈரானிடம் 2-0. 2009 தொடக்கத்தில் ஐக்கிய அரபுச் சிற்றரசிடம் மறுபடியும் 5-0. அந்த ஆண்டுதான் ராஜகோபால் பொறுப்புக்கு வந்தார்.

கோலாலம்பூர்க்காரர். சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் ஆடியவர். அவர் செய்த முதல் காரியம், பெரிய பேர்களைத் தேடி ஓடாமல் 23 வயதுக்குக் கீழ்ப்பட்ட பையன்களைச் சேர்த்துக் கட்டியது. சாபிக் ரஹிம், நோர்ஷாருல், நம் பிள்ளைகள் குணாளன், குருசாமி எல்லாரும் அதில் இருந்தார்கள். 2009 டிசம்பரில் லாவோஸ் சீ விளையாட்டுப் போட்டியில், முதல் சுற்றில் வியட்நாமிடம் 3-1 என்று தோற்றார்கள். அதே வியட்நாமை இறுதியாட்டத்தில் 1-0 என்று வென்றார்கள். 1989க்குப் பிறகு, இருபது ஆண்டு கழித்து வந்த தங்கம் அது.

அடுத்த ஆண்டு நடந்ததைத்தான் நான் நிதானமாகச் சொல்ல வேண்டும். 2010 டிசம்பர் 1, ஜகார்த்தா. சுசுகி கிண்ண முதல் ஆட்டத்தில் இந்தோனேசியா நம்மை 5-1 என்று அடித்தது. மறுநாள் கடைத் தெருவில் "எல்லாரையும் தூக்குங்க" என்றுதான் பேச்சு. ராஜகோபால் தூக்கவில்லை. இங்கே அங்கே சில மாற்றம். அணியின் முதுகெலும்பு அப்படியே. தாய்லாந்துடன் சமன், லாவோசை 5-1, அரையிறுதியில் வியட்நாமை இரண்டு ஆட்டத்தில் 2-0. இறுதியில் மறுபடி இந்தோனேசியா! டிசம்பர் 26 அன்று புக்கிட் ஜாலிலில் சாபி சாலி இரண்டு, அஷாரி ஒன்று, 3-0. (அந்தப் பகுதி ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.) ஜகார்த்தாவில் 29ஆம் தேதி, முதல் பாதியிலேயே எதிரிக்குப் பினால்டி. 21 வயது கைருல் பாமி அதைத் தடுத்தான். அன்று 2-1 என்று தோற்றாலும் மொத்தத்தில் 4-2. அந்தக் கிண்ணம் நமக்கு வந்தது அதுவே முதல் தடவை. டிசம்பர் 31 நாடு முழுக்கப் பொது விடுமுறை.

"அப்புறம் என்ன ஆச்சு சார்?" என்று போன மாதம் ஆறாம் ஆண்டுப் பையன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. 2011இல் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூரிடம் வெளியேறினோம். 2012 சுசுகி கிண்ணத்தில் தாய்லாந்து அரையிறுதியில் நிறுத்தியது. 2013 முடிவோடு அவர் பொறுப்பும் முடிந்தது. கட்டிய வீடு நிலைக்கவில்லை என்பார் சிலர். இன்னும் சிலர், புகழ் அவருக்கு மட்டும் உரியதல்ல என்பார்கள். அதிலும் உண்மை உண்டு: 2009 முதல் லீக்கில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குத் தடை இருந்ததால் உள்ளூர்ப் பையன்களுக்கு முன்வரிசையில் இடம் கிடைத்தது, 2007இல் தொடங்கிய ஹரிமாவ் மூடா அணியும் ஆட்களை வளர்த்துக் கொடுத்தது. விதைத்தவர் பலர். ஆனாலும், ஐந்து கோல் வாங்கிய மறுநாள் யார் இருக்கணும், யார் போகணும் என்ற முடிவை வேறு யாரும் அவருக்காக எடுக்கவில்லை. நான் அவருக்கு மதிப்பெண் போடுவது அந்த ஒரு நாளுக்குத்தான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நானும் ஒரு பள்ளி அணியைப் பார்த்துக்கொண்டவன். ஒரு வட்டாரப் போட்டியில் ஆறு கோல் வாங்கினோம். பஸ்ஸில் ஒருவரும் பேசவில்லை. அடுத்த வாரமே நான்கு பேரை நீக்கிப் புதுப் பையன்களைப் போட்டேன். அடுத்த ஆட்டம் ஜெயித்தோம். சுழற்கிண்ணத்தோடு படம்கூட எடுத்தோம். நீக்கியவர்களில் மூன்று பேர் மறுபடி வந்து சேர்ந்தார்கள். கோல் காத்தவன் மட்டும் வரவில்லை. பால் மரம் வெட்டும் அவன் அப்பா ஒரு நாள் என்னைச் சாலையில் பார்த்து, "பையன் இப்பல்லாம் திடல் பக்கமே போறதில்லீங்க சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவனுடைய கையுறை இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. இந்த விழாவுக்கு அவன் தங்கை பரிசு வாங்க வருகிறாள். அவனும் கூட வருவான் என்று சொல்லியிருக்கிறாள். அன்று கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.